வீட்டுக்குள் எந்தச் செடி: மருளா, மணி பிளான்ட்டா, அரிகாவா, வெற்றிலையா?

நர்சரிக்குச் சென்று வீட்டுக்குள் வைப்பதற்கு ஒரு செடி வேண்டும் என்று கேட்டால், நிழல்வலையின் கீழ் அடுக்கியிருக்கும் ஐந்தாறு வகைகளைக் காட்டி, இவை எல்லாமே ‘இன்டோர்’ செடிகள்தாம், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. உண்மையில் கூரைக்குக் கீழே வளர்வதற்கென்றே பிறந்த செடி எதுவும் இல்லை. மரங்களின் அடியில் மங்கிய வெளிச்சத்தில் வளர்ந்து பழகியவையும், வறட்சியைத் தாங்கப் பழகியவையும் இருக்கின்றன. அவற்றில் சில நம் அறைகளின் இருட்டையும் மறதியையும் பொறுத்துக்கொள்கின்றன. எது எவ்வளவு பொறுக்கும், பொறுத்துக்கொண்டு வளருமா அல்லது ஆறு மாதம் எடுத்துக்கொண்டு மெல்லச் சாகுமா என்பதில்தான் செடிக்குச் செடி பெரிய வேறுபாடு இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். நான் குடியிருக்கும் வீடுதான் அது. சென்னையில், மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட குடியிருப்பு. கிழக்கே ஆறடி நீளத்தில் ஒரு பால்கனி, கூடத்துக்கு வடக்கில் ஒரு ஜன்னல், படுக்கையறைக்குத் தெற்கில் ஒரு ஜன்னல், எல்லாவற்றுக்கும் கொசுவலை. குழாயில் பாதி நாள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். இப்படிப்பட்ட வீட்டில் மூன்று இடங்களுக்குச் செடி தேர்ந்தெடுக்க வேண்டுமானால் எதை வாங்குவது, எதை விடுவது என்பதே கேள்வி.

முதலில், வாங்குவதற்கான காரணமாகப் பலரும் சொல்லும் ஒன்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். வீட்டுச் செடிகள் காற்றைச் சுத்திகரிக்கும் என்ற பேச்சுக்கு மூலம், 1989ஆம் ஆண்டு நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு. அது காற்றுப் புகாமல் அடைக்கப்பட்ட சிறிய பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்யப்பட்டது. நம் வீடுகளோ கதவிடுக்கு, ஜன்னல், சமையலறை விசிறி என்று எல்லா வழிகளிலும் காற்றை மாற்றிக்கொண்டே இருப்பவை. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பழைய ஆய்வுகளின் முடிவுகளை எல்லாம் மறுபடி கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலைக்கு ஈடாகச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்று தெரியவந்தது. கூடம் முழுக்கத் தொட்டிகளை நிரப்பிவிட்டு நாம் படிக்கட்டில் உட்கார வேண்டியதுதான். ஆகவே ‘காற்றைச் சுத்தப்படுத்தும்’ என்ற அட்டை ஒட்டியிருப்பதற்காக ஒரு செடிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. பச்சையாக ஒன்று கண்ணெதிரே வளர்வது பிடித்திருக்கிறது என்ற காரணமே போதுமானது.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. திறந்தவெளியில் உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். நேர்வெயில் விழாத ஜன்னலை ஒட்டிய இடத்தில் அது சில ஆயிரங்களாகச் சுருங்கிவிடும். அங்கிருந்து பத்தடி உள்ளே, சோபாவின் பக்கத்தில், நூறோ இருநூறோதான் மிஞ்சும். நம் கண்ணின் பாவை விரிந்து கொடுத்து அந்த இடத்தையும் வெளிச்சமாகவே காட்டிவிடுவதால், பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டதை நாம் உணர்வதில்லை. செல்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தால் ஓரளவு தெரியும். அதுவும் வேண்டாம் என்றால், நடுப்பகலில் விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் ஓர் அடி உயரத்தில் கையை நீட்டிப் பார்க்கலாம். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று மட்டும் தெரியும்படி மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே தெரியவில்லை என்றால் அந்த இடத்துக்குப் படம் மாட்டுவதே நல்லது.

திசையைப் பற்றி ஒரு சொல். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் தெற்கு ஜன்னல் வெயில் மிகுந்தது, வடக்கு ஜன்னல் எப்போதும் நிழல் என்று சொல்கின்றன. அதைத் தமிழாக்கிப் பரப்புவோரும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி பிறக்கும் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நான்கு மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில்தான் சாய்வெயில் விழும். தெற்கு ஜன்னல் நிழலில் இருக்கும். மாறாக, மார்கழியில் சூரியன் நண்பகலிலும் தெற்கே ஏறத்தாழ 53 பாகை உயரத்துக்குத்தான் ஏறுவதால், வெயில் ஜன்னல் மேற்பலகையின் அடியாக நுழைந்து படுக்கையறைத் தரையில் விழும். ஆக, இங்கே எந்த ஜன்னலும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கொசுவலை வேறு வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

இனி செடிகள். மங்கலான படுக்கையறை மூலைக்குப் போட்டியிடுபவை இரண்டு. ஒன்று ஸ்னேக் பிளான்ட், மற்றொன்று இசட்இசட் பிளான்ட்.

ஸ்னேக் பிளான்ட் என்று விற்கப்படுவது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றாலும், அதன் உடன்பிறப்பு நமக்குப் புதியதல்ல. நார் எடுத்துக் கயிறு திரித்த மருள் அதே இனத்தைச் சேர்ந்தது. சங்கப் பாடல்களில் வறண்ட காட்டுவழிகளில் வரும் மரல் என்பதும் அதுவே என்று கொள்வர். கடைச் செடியையும் மருள் என்றே நான் சொல்வது வழக்கம். தடித்த இலையே அதன் தண்ணீர்த் தொட்டி. பகல் வெப்பத்தில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து வைக்கும் வகையைச் சேர்ந்தது அது. இதைத்தான் ‘இரவில் ஆக்ஸிஜன் தரும் செடி’ என்று திரித்துவிட்டார்கள். இரவில் அது கரியமில வாயுவை உள்ளிழுக்கிறது என்பது மெய். ஆக்ஸிஜன் உண்டாவதற்கோ வெளிச்சம் வேண்டும், எனவே அது பகலில்தான் நடக்கும். கட்டிலருகே வைப்பதால் கெடுதி ஒன்றும் இல்லை, தனிப்பட்ட நன்மையும் இல்லை.

இசட்இசட் பிளான்ட் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மண்ணுக்குள் உருளைக்கிழங்கைப் போன்ற கிழங்குகளில் தண்ணீரைச் சேமிக்கிறது. இலை எண்ணெய் பூசியது போல மினுமினுப்பதால், முதலில் பார்ப்பவர்கள் பிளாஸ்டிக்கோ என்று தொட்டுப் பார்ப்பார்கள். 1990களின் பிற்பகுதியில் நெதர்லாந்து நர்சரிகள் பெருமளவில் பெருக்கத் தொடங்கிய பிறகே உலகச் சந்தைக்கு வந்தது. மெதுவாக வளர்வதால் விலை கூடுதல். ஆண்டுக்குச் சில தண்டுகளே புதிதாக விடும். ஆனால் விடுகிற ஒவ்வொரு தண்டும் இளம்பச்சையாக ஈட்டிபோல் எழுந்து விரியும் அழகுக்காகக் காத்திருக்கலாம்.

இரண்டில் எது? வெளிச்சப் பொறுமையில் பெரிய வேறுபாடு இல்லை. இருட்டில் மருள் நிமிர்ந்தபடியே வளராமல் நிற்கும். இசட்இசட் தண்டுகளோ வெளிச்சத்தைத் தேடி நீண்டு, சரிந்து, பரட்டைத்தலையாகிவிடும். இடம் குறைந்த வீட்டுக்கு நேராக மேல்நோக்கி வளரும் மருளே வசதி. தண்ணீரை மறப்பவருக்கு இரண்டும் சமம். தண்ணீரை மறக்காதவருக்குத்தான் இரண்டுமே ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்குத் தொட்டி மண் மூன்று வாரமானாலும் காயாது. அப்போதும் வழக்கம்போல் ஞாயிறுதோறும் ஒரு சொம்பு ஊற்றினால் மருளின் அடி கூழாகி, ஒரு காலையில் இலை மட்டும் கையோடு வந்துவிடும். என் முதல் மருள் அப்படித்தான் போனது. விலையையும் பெருக்கும் எளிமையையும் சேர்த்துப் பார்த்தால் நான் மருளையே சொல்வேன். பெருக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மஞ்சள் ஓரம் கொண்ட வகையின் இலையை வெட்டி நட்டால் பிறக்கும் கன்றுக்கு மஞ்சள் ஓரம் இருக்காது, வெறும் பச்சையாகவே வரும். ஓரம் வேண்டுமானால் கிழங்கோடு பக்கக் கன்றைப் பிரித்து நட வேண்டும்.

கூடத்து ஜன்னலுக்கு வருவோம். இங்கே கொடிதான் பொருத்தம். அதில் மணி பிளான்ட்டுக்குப் போட்டி கிடையாது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நான் வெற்றிலையை அதன் எதிரே நிறுத்துகிறேன். இரண்டின் இலையும் இதய வடிவம், இரண்டும் கணுவில் வேர் விட்டு ஏறும் கொடிகள், ஆனால் குடும்பம் வேறு. வெற்றிலை மிளகின் நெருங்கிய உறவு. மணி பிளான்ட்டோ சேம்பு, சேனை, கருணை குடும்பம்.

மணி பிளான்ட் பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரியா என்ற சிறு தீவைச் சேர்ந்தது. பூக்கத் தூண்டும் ஜிபரெல்லின் என்ற வளர்ச்சிப் பொருளை உண்டாக்கும் மரபணு அதில் பழுதுபட்டிருப்பதால், அது தானாகப் பூப்பதே இல்லை என்று 2016இல் கண்டறிந்தார்கள். பூ இல்லை என்றால் விதையும் இல்லை. நம் வீடுகளில் இருக்கும் அத்தனை மணி பிளான்ட்டும் யாரோ எங்கோ வெட்டிய தண்டின் தொடர்ச்சி. திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் பணம் பெருகும் என்ற நம்பிக்கை ஏன் எளிதாக நிலைத்தது என்பதும் இதனால் விளங்குகிறது: ஒரு கணுவைக் கிள்ளிவந்தால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் வேர் விட்டுவிடும். ஜன்னலிலிருந்து நான்கைந்து அடி தள்ளி வைத்தாலும் உயிரோடு இருக்கும். ஆனால் இலையில் உள்ள மஞ்சள் தீற்றல் மங்கி, கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, கொடி நூலாக இளைக்கும். அது வெளிச்சம் போதவில்லை என்று சொல்லும் முறை. இன்னொன்று, தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும்; ஏறவிட்டால் பெருக்கும். தோட்டத்து மாமரத்தில் ஏறிய மணி பிளான்ட்டின் இலை, பிளவுபட்டு, சுளகு அளவுக்கு விரிந்திருப்பதைக் கண்டவர்களுக்கு இது தெரியும். வீட்டில் தென்னை நார் சுற்றிய ஒரு குச்சியை நட்டு, அதை ஈரமாக வைத்துக்கொண்டால் போதும்.

வெற்றிலை கேட்பது இன்னும் கொஞ்சம் கூடுதல். கும்பகோணத்திலும் சோழவந்தானிலும் ஆத்தூரிலும் கொடிக்கால்களைப் பார்த்தவர்களுக்கு அதன் இயல்பு புரியும். அகத்தி மரங்களை நெருக்கி நட்டு, அவற்றின் நிழலில், வாய்க்கால் ஈரத்தில் கொடியை ஏற்றுகிறார்கள். அதாவது அதற்கு வேண்டியது வடிகட்டிய வெயில், வெப்பம், வறளாத வேர், தேங்காத தண்ணீர். தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகி வாடல் நோய் வந்துவிடும். கிழக்குப் பால்கனியின் உட்சுவர், காலை வெயில் எட்டுமணிக்குமேல் நகர்ந்துபோகும் இடம், அகத்தி நிழலுக்கு ஏறக்குறைய ஈடானது. கூடத்துக்குள், ஜன்னல் திட்டின்மேல் வைத்தாலும் வளரும். ஆனால் இலை சிறிதாகி, மெலிந்து, காரம் குறைந்துவிடும். குளிர்சாதன அறை அதற்கு ஆகவே ஆகாது, அங்கே மணி பிளான்ட் ஓரளவு தாங்கும்.

பயனைப் பார்த்தால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமைத் தாம்பூலத்துக்கும், குழந்தைக்குச் சளி பிடித்தால் கஷாயத்துக்கும், விருந்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளவும் வெற்றிலை பறிக்கலாம். மணி பிளான்ட்டின் இலையைக் கடித்தால் வாய் எரியும். அதன் திசுக்களில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன. காறுகருணையை நறுக்கும்போது கை அரிப்பதும், புளி சேர்க்காமல் சமைத்தால் நாக்கு நமைப்பதும் இதே படிகங்களால்தான். இசட்இசட், பீஸ் லில்லி, அக்லோனிமா எல்லாம் இந்தக் குடும்பமே. தவழும் குழந்தையோ, இலை கடிக்கும் பூனையோ இருக்கும் வீட்டில் இவற்றைத் தரையில் வைக்கக் கூடாது. மருளிலும் வயிற்றைக் குமட்டும் பொருள் உண்டு. அரிகாவும் ஸ்பைடர் பிளான்ட்டும்தான் இந்தக் கவலை இல்லாதவை.

மணி பிளான்ட்டைக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீரில் வளர்ப்பது பலருக்கும் பிடிக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இதுபோன்ற தெளிந்த, அசையாத தண்ணீரில்தான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். எனவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை புட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே விதி. தண்ணீர் ஊற்றி அரைமணி கழித்துத் தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். இதைச் செய்ய நேரமில்லாதவர்கள் மண்ணிலேயே வளர்ப்பது நல்லது.

கூடத்தில் பெரிதாக ஏதாவது நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அரிகா பாம் வாங்குகிறார்கள். பெயரைப் பற்றி ஒரு வேடிக்கை. அரிகா என்பது மலையாளத்து அடைக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல், பாக்கைக் குறிப்பது. நர்சரியில் விற்கும் அரிகாவோ பாக்குமரமே அல்ல. மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த வேறோர் பனைவகை. அது ஒரு நாளும் பாக்குக் காய்க்காது.

நான் ஐந்தடி உயர அரிகா ஒன்றை வாங்கி, கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். முதல் மாதம் அரண்மனை போல இருந்தது. இரண்டாம் மாதம் நுனிகள் பழுப்பாயின. மூன்றாம் மாதம் அடிமட்டைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. நான்காம் மாதம் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தது, செஞ்சிலந்திப் பேன். தவறு எங்கே என்று பின்னர் யோசித்தபோது மூன்றும் சேர்ந்திருந்தன. முதலாவது, அரிகாவுக்கு ஜன்னலை ஒட்டிய நல்ல வெளிச்சம் வேண்டும். நர்சரியின் நிழல்வலைக்குக் கீழே கிடைத்ததில் நூறில் ஒரு பங்குகூட என் கூடத்து மூலையில் கிடைத்திருக்காது. இரண்டாவது, உப்புத் தண்ணீர். உப்பு வேரிலிருந்து ஏறி நுனியில் போய்ச் சேர்ந்து அங்கேயே இலையைக் கருக்குகிறது. மூன்றாவது, குளிர்சாதனத்தின் வறண்ட காற்று, பேன் பெருகுவதற்கு ஏற்றது. இவற்றோடு, அடர்த்தியாகத் தெரிவதற்காக ஒரே தொட்டியில் இருபது முப்பது கன்றுகளை நெருக்கி நட்டு விற்கிறார்கள் என்பதும் உண்டு. அவை ஒன்றையொன்று நெருக்கிச் சில சாவது இயல்பு. நல்ல தண்ணீரும் பெரிய பால்கனியும் உள்ளவர்கள் அரிகாவை அழகாக வளர்க்கிறார்கள், மறுக்கவில்லை. என்னுடையது போன்ற வீட்டுக்கு அது வாடகைக்கு வந்த விருந்தாளிதான்.

அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் பீஸ் லில்லி தாகமெடுத்தால் எல்லா இலைகளையும் தொங்கவிட்டு மயங்கி விழுந்ததுபோல் காட்டும். தண்ணீர் ஊற்றிய சில மணிநேரத்தில் எழுந்து நிற்கும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடத் தெளிவாகப் பேசும் செடி இல்லை என்றாலும், அடிக்கடி மயங்கவிட்டால் இலை ஓரங்கள் கருகிவிடும். அக்லோனிமாவில் பச்சை வகைகள் மங்கலைத் தாங்கும். சிவப்பு வகைகளுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும், விலையும் அதிகம். ஸ்பைடர் பிளான்ட் தொங்கும் தொட்டிக்கு நல்லது, உப்புத் தண்ணீரில் அதற்கும் நுனி கருகும். துளசியும் கறிவேப்பிலையும் சோற்றுக் கற்றாழையும் வெயிலுக்குரியவை, கூடத்துக்குள் வைப்பது அவற்றுக்குச் செய்யும் கொடுமை. ஓமவல்லி காலை வெயிலிலேயே நிறைவடைந்துவிடும். பால்கனிக் கைப்பிடியோரம் அதற்குப் போதும்.

தண்ணீரே என் வீட்டில் தேர்வை முடிவு செய்தது என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதைக் காணலாம். உப்புத்தான் அது. அந்தத் தண்ணீரை மருளும் மணி பிளான்ட்டும் பொறுத்துக்கொள்கின்றன, அரிகாவும் ஸ்பைடரும் பொறுப்பதில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி தள்ளிவிடும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் செறிந்து கிடப்பது அதில்தான். அதைத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம். மாறாக, குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, உப்பு இல்லாதது. அழகுச் செடிகளுக்கு அதை ஊற்றுகிறேன், உண்ணும் வெற்றிலைக்கு ஊற்றுவதில்லை. மழைக்காலத்தில் தொட்டிகளை ஓர் இரவு பால்கனியில் வைத்தால், மழைநீர் மண்ணில் சேர்ந்த உப்பையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்று கேட்பவர்களுக்கு நாள்கணக்கு சொல்ல இயலாது. மணி பிளான்ட்டுக்கு விரலை இரண்டு அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றலாம். மருளுக்கும் இசட்இசட்டுக்கும் தொட்டியின் அடிவரை காய வேண்டும், தூக்கிப் பார்த்தால் கனத்தில் தெரியும். வெற்றிலைக்கு மேல்மண் வெளுக்கத் தொடங்கும்போதே ஊற்ற வேண்டும். இதே காரணத்தால் தொட்டியும் செடிக்குச் செடி மாறுகிறது. மண்தொட்டி தன் சுவர் வழியாகவே ஈரத்தை வெளியேற்றும், ஆகவே தாராளமாக ஊற்றும் கை உள்ளவர்கள் மருளை மண்தொட்டியில் வைப்பது நல்லது. வெற்றிலைக்கு ஈரம் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியே ஏற்றது. அடியில் துளை இல்லாத பீங்கான் தொட்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளிக்கூடாக மட்டுமே பயன்படுத்தலாம்.

வாங்கி வந்த செடியின் மண்ணைச் சோதிப்பது அவசியம். பெரும்பாலும் இறுக்கமான செம்மண் உருண்டையில் வேர் கட்டுண்டிருக்கும். ஊற்றும் தண்ணீர் உருண்டைக்குள் இறங்காமல் பக்கவாட்டில் வழிந்து அடித்துளை வழியே ஓடிவிடும், நாமோ நனைந்துவிட்டது என்று நம்புவோம். வீட்டுக்கு வந்த அன்றே தொட்டி மாற்றிவிடாமல், இரண்டு வாரம் புதிய இடத்தில் பழகவிட்டு, பிறகு செம்மண், தென்னை நார்க்கழிவு, பருமணல் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு கை மண்புழு உரம் சேர்த்து மாற்றலாம். மருளுக்கு மணலைக் கூட்டி, நார்க்கழிவைக் குறைக்க வேண்டும். தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை நனைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும் என்பதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை.

இத்தனையையும் வைத்துப் பார்த்து நான் கடைசியில் செய்த ஏற்பாடு இது. தெற்குப் படுக்கையறையில், ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி, மண்தொட்டியில் மருள். கூடத்து வடக்கு ஜன்னல் திட்டில், நார்க்குச்சியில் ஏறும் மணி பிளான்ட், மண்ணில். பால்கனியின் உட்சுவரில் கயிறு கட்டி ஏற்றிய வெற்றிலை. பெரிய செடி நின்ற மூலையில் இப்போது ஒரு நாற்காலி இருக்கிறது. பால்கனியே இல்லாத வீடாக இருந்தால் வெற்றிலையை விட்டுவிட்டு இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். பூனை இருந்தால் மணி பிளான்ட் இருந்த இடத்தில் ஸ்பைடரைத் தொங்கவிட்டு, மழைநீருக்கு ஒரு வாளி ஒதுக்குவேன். மருளைப் பூனை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுவேன். மாதத்தில் பாதி நாள் வெளியூர் போகிறவராக இருந்தால் மருள் மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று.

ஆண்டுக்கு இரண்டு முறை ஓர் இடமாற்றம் உண்டு. சித்திரைக் கடைசியில் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் நுழையத் தொடங்கும்போது, மணி பிளான்ட்டின் இலையில் வெளிறிய கருகல் திட்டுகள் விழும் முன் அதை ஒன்றரை அடி உள்ளே இழுத்துவைக்கிறேன். ஆவணி பிறந்து வெயில் தெற்கே நகர்ந்ததும் அது திட்டுக்குத் திரும்புகிறது. அதே வாரத்தில் மருளின் தொட்டியைக் கால் திருப்பு திருப்பி, இலைமேல் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன்.